பீங்கான் எஃகா? கேள்விக்குறியை மறக்க வேண்டாம்

(பத்துமலையில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கு உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு 'நிலைப்படுத்தப்பட்ட சிர்கோனியா: அதன் பண்புகளும் எல்லைகளும்'. தலைப்பைக் கேட்டவுடன், இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று தொலைக்காட்சியை அணைத்துவிட வேண்டாம். இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்கள் பலருடைய காதிலும் மூக்கிலும் இந்தப் பொருள் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் லிட்டில் இந்தியாவிலும் 'அமெரிக்கன் டைமண்ட்' என்று தோடும் மூக்குத்தியும் விற்கிறார்களே, அந்தக் கல் சிர்கோனியாதான். வெளியே நிறுத்தி வைத்திருக்கும் உங்கள் காரின் எக்சோஸ் குழாயில் அது இருக்கிறது. சிலருடைய சமையலறையில் துருப்பிடிக்காத வெள்ளைக் கத்தியாக இருக்கிறது. இன்னும் சிலருக்கு வாய்க்குள் பல் உறையாக இருக்கிறது. ஒரு சிலருக்கு இடுப்பு மூட்டுக்குள்ளேயே இருக்கிறது.

காதில் போட்ட கல் கெட்டுப்போனால் மாற்றிக்கொள்ளலாம். வாயிலும் இடுப்பிலும் வைத்ததை அப்படி மாற்ற முடியாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று ஒரு பல்லுக்கு சிர்கோனியா உறை போட ஆயிரம் வெள்ளியும் அதற்கு மேலும் ஆகிறது. 'உடையாது, தேயாது, ஆயுள் முழுவதும் வரும்' என்று சொல்லி விற்கும்போது, கேட்பவர்கள் நம்பிவிடுகிறார்கள். அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை, எங்கே எல்லை என்பதைத்தான் இன்று நான் சொல்லப் போகிறேன்.

நம் காலடியில் கிடந்த பொருள்

சிர்கோனியா என்பது சிர்கோனியம் என்ற உலோகம் ஆக்சிஜனோடு சேர்ந்த வெள்ளைத் தூள். அது சிர்கான் என்ற கனிமத்திலிருந்து கிடைக்கிறது. 1789-ஆம் ஆண்டில் பெர்லினில் கிளாப்ரோத் என்ற வேதியியல் அறிஞர் இலங்கையிலிருந்து வந்த ஒரு சிர்கான் கல்லைப் பகுத்துப் பார்த்தார். அதில் அதுவரை யாரும் அறியாத ஒரு பொருள் இருப்பதைக் கண்டுபிடித்தார். ஆக, சிர்கோனியாவின் சரித்திரமே நம் பக்கத்துக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது.

இன்றும் திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டைக் கடற்கரை மணலிலும், கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி மணலிலும் சிர்கான் எடுக்கிறார்கள். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் பழையகாயல் என்ற ஊரில், சிர்கான் மணலிலிருந்து சிர்கோனியம் ஆக்சைடும் அணு உலைகளுக்கான சிர்கோனியமும் தயாரிக்கும் இந்திய அரசின் தொழிற்சாலை இருக்கிறது. உலகச் சந்தைக்குப் பெருமளவு சிர்கான் கொடுப்பவை ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும்.

நம் நாட்டுக்கு வருவோம். 1857-இல் அம்பாங் பக்கம் ஈயம் தோண்ட ஆட்கள் வந்ததிலிருந்துதான் கோலாலம்பூர் என்ற ஊரே உருவானது. ஈய மண்ணை அலசி ஈயத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் கனமான கறுப்பு மணலுக்கு 'அமாங்' என்று பெயர். சுங்கை பீசியிலும் பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கிலும் வேலை பார்த்த குடும்பத்தினருக்கு இந்தச் சொல் தெரிந்திருக்கும். அந்த அமாங்கில்தான் சிர்கான் கிடக்கிறது. அதே அமாங்கில் செனோடைம் என்ற இன்னொரு கனிமமும் உண்டு. அதில் இருப்பது இட்ரியம். சிர்கோனியாவை நிலைப்படுத்துவதற்கு இன்று அதிகம் பயன்படும் பொருள் இந்த இட்ரியத்தின் ஆக்சைடுதான், அதாவது இட்ரியா. இன்னொரு நிலைப்படுத்தும் பொருள் சுட்ட சுண்ணாம்பு. நமக்குப் பின்னால் நிற்கும் இந்தப் பத்துமலை முழுவதும் சுண்ணாம்புக் கல். எனவே சிர்கோனியாவும் அதற்குத் துணை நிற்கும் பொருள்களும் நம் வட்டாரத்து மண்ணுக்குப் புதியவை அல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அமாங்கில் மோனசைட் என்ற கதிர்வீச்சுள்ள கனிமமும் கலந்திருக்கிறது. ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேராவில் 1982-இல் தொடங்கி 1994-இல் மூடப்பட்ட தொழிற்சாலை பதப்படுத்தியது அந்த மோனசைட்டைத்தான். அந்த ஊர் மக்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். சிர்கான் மணலிலும் யுரேனியமும் தோரியமும் மிகச் சிறிய அளவில் உண்டு. ஆகவே உடம்புக்குள் வைக்கும் சிர்கோனியா நன்றாகச் சுத்திகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்று அனைத்துலகத் தரக் கட்டளை இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 13356 என்பது அதன் எண். அந்தத் தரத்துக்கு உட்பட்ட பொருளைப் பற்றி இந்த விஷயத்தில் பயப்பட வேண்டியதில்லை.

தூய்மையே குறையான கதை

பொதுவாக ஒரு பொருள் எவ்வளவு தூய்மையோ அவ்வளவு நல்லது என்று நினைப்போம். சிர்கோனியா விஷயத்தில் அது தலைகீழ். தூய சிர்கோனியாவில் ஒரு கிண்ணம்கூட உருப்படியாகச் செய்ய முடியாது.

காரணம் இதுதான். சிர்கோனியாவின் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறை சூட்டுக்கு ஏற்ப மாறும். சாதாரண வெப்பநிலையில் ஒருபக்கம் சாய்ந்த பெட்டி போன்ற அடுக்கு. 1,170 டிகிரி செல்சியஸை ஒட்டி அது நிமிர்ந்து நீள் சதுரப் பெட்டி போல் ஆகிவிடும். 2,370 டிகிரிக்கு மேல் சரியான கனசதுரம். 2,700 டிகிரியைத் தாண்டினால் உருகிவிடும். சிர்கோனியாப் பாத்திரம் ஒன்றைச் சூளையில் 1,500 டிகிரியில் சுடுகிறோம் என்று வையுங்கள். சூளைக்குள் இருக்கும்வரை பாத்திரம் நன்றாக இருக்கும். ஆறும்போதுதான் தொல்லை. நிமிர்ந்திருந்த அடுக்கு மறுபடியும் சாயும். சாயும்போது கன அளவு நூற்றுக்கு நான்கு ஐந்து பங்கு பெருக்கும். இறுகிய பீங்கானுக்குள் இப்படி ஒரு வீக்கம் ஏற்பட்டால் என்ன ஆகும்? பாத்திரம் முழுவதும் விரிசல் விட்டு உதிர்ந்துவிடும்.

இதற்குக் கண்டுபிடித்த மருந்துதான் கலப்பு. சுட்ட சுண்ணாம்பு, மக்னீசியா, இட்ரியா, சீரியா போன்ற வேறு ஆக்சைடுகளில் ஒன்றை அளவாகச் சேர்த்தால், உயர்ந்த சூட்டில் மட்டும் இருக்கக்கூடிய அடுக்கு, ஆறிய பிறகும் அப்படியே நின்றுவிடுகிறது. இதைத்தான் 'நிலைப்படுத்துதல்' என்கிறோம்.

எவ்வளவு சேர்க்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நிறையச் சேர்த்தால் கனசதுர அடுக்கு முழுமையாக நிலைத்துவிடும். இது முழுமையாக நிலைப்படுத்தப்பட்ட சிர்கோனியா. அமெரிக்கன் டைமண்ட் கல் இந்த வகை. குறைவாக, நூறு மூலக்கூறுக்கு மூன்று என்ற அளவில் இட்ரியா சேர்த்தால், நீள் சதுர அடுக்கு மட்டும் பிடித்து நிறுத்தப்படும். பல் உறையும் இடுப்பு மூட்டுப் பந்தும் வெள்ளைக் கத்தியும் இந்த வகை. பெயர் ஒன்றுதான். குணம் வேறு. கடையில் 'சிர்கோனியா' என்று சொன்னால் பாதிச் செய்திதான் சொல்லியிருக்கிறார்கள் என்று பொருள்.

எஃகு என்று ஏன் சொன்னார்கள்?

1975-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கார்வி, ஹானிங்க், பாஸ்கோ என்ற மூன்று அறிஞர்கள் 'நேச்சர்' என்ற புகழ்பெற்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் தலைப்பு 'பீங்கான் எஃகா?' என்பதாகும். கேள்விக்குறியோடுதான் எழுதினார்கள்.

அவர்கள் கண்டது இது. அரைகுறையாக நிலைப்படுத்திய சிர்கோனியாவில் ஒரு விரிசல் நுழைந்தால், அந்த விரிசலின் நுனியில் உள்ள மணிகள் உடனே பழைய சாய்ந்த அடுக்குக்கு மாறிவிடுகின்றன. மாறும்போது வீங்குகின்றன. வீக்கம் விரிசலை இரண்டு பக்கமும் நெருக்கி மூடப் பார்க்கிறது. தைப்பூசத்தன்று இந்த வாசலில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் இடித்துக்கொண்டு உள்ளே நுழையப் பார்க்கிறார். பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாரும் முழங்கையை அகட்டிக்கொண்டால் அவரால் மேலே போக முடியுமா? அதே வேலைதான் சிர்கோனியாவுக்குள் நடக்கிறது. தூய சிர்கோனியாவை உடைத்த அதே வீக்கம், அளவோடு கட்டி வைத்த சிர்கோனியாவைக் காப்பாற்றுகிறது.

அதன் பலன் பெரியது. விரிசலைத் தாங்கும் திறனை அளக்கும் அலகில் கண்ணாடி ஒன்றுக்கும் குறைவு. அலுமினா என்ற நல்ல பீங்கான் மூன்று, நான்கு. இந்தச் சிர்கோனியா ஐந்து முதல் பத்து வரை. வளைத்து ஒடிக்கும் சோதனையில் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1,000 நியூட்டன் விசையைத் தாங்குகிறது. சூடு ஏறினால் அது விரியும் அளவும் இரும்பு விரியும் அளவுக்கு நெருக்கமாக இருப்பதால் உலோகத்தோடு இணைத்து வேலை செய்ய வசதி. துருப்பிடிக்காது, காந்தம் ஈர்க்காது, நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தொந்தரவு தராது.

ஆனால் அதே அலகில் சாதாரணக் கட்டுமான எஃகு ஐம்பதைத் தாண்டுகிறது. பத்து எங்கே, ஐம்பது எங்கே? பீங்கான்களுக்குள் சிர்கோனியா பலசாலி. எஃகோடு ஒப்பிட்டால் அது இன்னும் பீங்கான்தான். அந்த அறிஞர்கள் அடக்கமாக ஒரு கேள்விக்குறி வைத்தார்கள். பிற்பாடு வியாபார உலகம் எஃகை மட்டும் எடுத்துக்கொண்டு கேள்விக்குறியை விட்டுவிட்டது.

தண்ணீர் என்ற எதிரி

மாறத் தயாராக இருப்பதுதான் இந்தப் பீங்கானின் பலம் என்று சொன்னேன். அதன் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. விரிசல் வந்தால் மாற வேண்டிய மணிகள், விரிசல் வராமலேயே மாறத் தொடங்கினால் என்ன செய்வது?

1981-இல் ஜப்பானில் கோபயாஷியும் அவர் குழுவினரும் இதைக் கண்டறிந்து எழுதினார்கள். ஈரமும் மிதமான சூடும் சேர்ந்தால், இட்ரியா கலந்த சிர்கோனியாவின் மேற்பரப்பில் உள்ள மணிகள் ஒவ்வொன்றாகத் தாமாகவே மாறுகின்றன. 250 டிகிரியை ஒட்டி இது மிக வேகமாக நடக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு டிகிரிச் சூளையில் பிறந்த பொருளை இருநூற்றைம்பது டிகிரி நீராவி அரிக்கிறது. ஒரு மணி வீங்கினால் பக்கத்து மணியைத் தள்ளுகிறது. மேற்பரப்பு சொரசொரப்பாகிறது. நுண்ணிய விரிசல் விழுகிறது. அதன் வழியே தண்ணீர் இன்னும் உள்ளே இறங்குகிறது. இதை 'முதுமையடைதல்' என்று சொல்கிறார்கள். மனித உடம்பின் 37 டிகிரியில் இது மிக மெதுவாக நடக்கும். மருத்துவமனைக் கருவிகளைத் தூய்மைப்படுத்தும் 134 டிகிரி நீராவியில் வேகமாக நடக்கும். அந்த நீராவியில் ஒரு மணி நேரம் இருப்பது, உடம்புக்குள் மூன்று நான்கு ஆண்டுகள் இருப்பதற்குச் சமம் என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதை 2001-ஆம் ஆண்டு காட்டியது. 1985 முதல் இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையில் சிர்கோனியாப் பந்துகளை வைத்து வந்தார்கள். உலகம் முழுவதும் ஆறு லட்சத்துக்கு மேல் வைத்தாகிவிட்டது. அவற்றைச் செய்தவற்றுள் முக்கியமானது பிரான்சின் செயின்ட் கோபேன் குழுமத்தைச் சேர்ந்த டெமார்க்கே நிறுவனம். பல ஆண்டுகள் அவர்களுடைய பந்துகள் நன்றாகவே இருந்தன. 1998-இல் சுடும் முறையை மாற்றினார்கள். தொகுதி தொகுதியாகச் சுடும் சூளைக்குப் பதிலாக, பொருள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் சுரங்கச் சூளைக்குப் போனார்கள். தூள் மாறவில்லை, அளவு மாறவில்லை. சுட்ட விதம் மட்டும் மாறியது. பந்தின் நடுப்பகுதி போதிய அளவு இறுகாமல் போனது. தண்ணீர் அங்கே வேலையைக் காட்டியது. சிகிச்சை முடிந்த ஓரிரு ஆண்டுகளிலேயே, குறிப்பிட்ட சில தொகுதிகளைச் சேர்ந்த நானூறு பந்துகள் வரை நோயாளிகளின் உடம்புக்குள் உடைந்தன. 2001 ஆகஸ்டில் பொருள் திரும்பப் பெறப்பட்டது.

நன்றாகக் கவனியுங்கள். அந்த நோயாளிகள் கீழே விழுந்ததோ பாரம் தூக்கியதோ இதற்குக் காரணமல்ல. அறுவை செய்த மருத்துவரின் தவறும் காரணமல்ல. ஆய்வுக்கூடத்தில் இருபது ஆண்டுகளாகத் தெரிந்திருந்த ஒரு குணம், தொழிற்சாலையில் செய்த ஒரு மாற்றத்தோடு சேர்ந்து அவர்களை மறுபடியும் அறுவை மேசைக்குக் கொண்டுபோனது. ஒரு பொருளின் எல்லையை மறந்தால் அதன் விலையைக் கொடுப்பவர் நோயாளிதான்.

அதன் பிறகு இடுப்பு மூட்டுத் துறை பாடம் கற்றுக்கொண்டது. இன்று அதிகம் வைக்கப்படும் பீங்கான் பந்தில் பெரும்பங்கு அலுமினா. அதற்குள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சிர்கோனியா மணிகள். இறுக்கமான அலுமினா அந்த மணிகளை நாலாபுறமும் பிடித்துக்கொள்வதால் அவை தேவையில்லாமல் மாறுவது மிகவும் குறைகிறது.

இந்த ஆராய்ச்சியில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். காஜாங் தெனாகா நேஷனல் பல்கலைக்கழகத்திலும் பிறகு மலாயாப் பல்கலைக்கழகத்திலும் எஸ். ரமேஷும் அவரோடு உழைத்தவர்களும், ஷா ஆலாம் சிரிம் நிறுவனத்தாரோடு சேர்ந்தும், இதைப் பற்றிப் பல கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். மாங்கனீஸ் ஆக்சைடு போன்ற பொருளைச் சிட்டிகை அளவு சேர்த்து, சூளையின் சூட்டையும் நேரத்தையும் குறைத்தால், மணிகள் சிறியதாக நின்று நீராவியை அதிகம் எதிர்க்கின்றன என்பது அவர்கள் ஆராய்ந்த வழி. எதையும் அளவோடு சேர்க்க வேண்டும் என்பதையும் அதே ஆய்வுகள் காட்டுகின்றன.

வாய்க்குள் வரும்போது

இப்போது நம்மில் பலருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பல் உறைக்கு வருகிறேன். முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இடுப்பு மூட்டில் நடந்ததைப் போன்ற பெரிய தோல்வி பல் உறைகளில் பதிவாகவில்லை. நல்ல மருத்துவர், நல்ல பல் தொழில்நுட்பர், சரியான தூள் என்று மூன்றும் சேர்ந்தால் சிர்கோனியா உறை மிக நல்ல உறை. தொல்லை வருவது, எல்லா வேலைக்கும் ஒரே சிர்கோனியா போதும் என்று நினைக்கும்போதுதான்.

உறை எப்படிச் செய்யப்படுகிறது தெரியுமா? சுண்ணக்கட்டி போல் மென்மையாக இருக்கும் வெள்ளைக் கட்டியைக் கணினி இயந்திரம் கடைகிறது. தேவையான அளவைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகக் கடையும். பிறகு 1,450, 1,500 டிகிரிச் சூளையில் சுடும்போது அது சுருங்கிச் சரியான அளவுக்கு வரும். சூளையை அவசரப்படுத்தினாலோ, கட்டியைச் செய்த நிறுவனம் சொன்ன முறையை மீறினாலோ, வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. உள்ளே பலம் குறைந்திருக்கும். பிரான்சில் நடந்ததும் ஒரு சூளைக் கதைதான்.

அடுத்தது நிறம். மூன்று பங்கு இட்ரியா உள்ள சிர்கோனியா பலமானது. ஆனால் சுண்ணாம்பு அடித்த சுவர் போல் வெளிச்சத்தை உள்ளே விடாது. முன் பல்லுக்கு அழகாக இருக்காது. ஆகவே இட்ரியாவை ஐந்து பங்காகக் கூட்டிய புதிய வகைகள் வந்தன. அதில் பாதி அளவு கனசதுர அடுக்கு. வெளிச்சம் ஊடுருவும், இயற்கைப் பல் போல் தெரியும், தண்ணீரும் அதை எளிதில் மாற்றாது. ஆனால் மாறாத பொருளால் விரிசலை மூட முடியுமா? முடியாது. அதன் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. அழகு கூடினால் பலம் குறையும். பலம் கூடினால் முதுமை பிடிக்கும். இரண்டும் முழுமையாக ஒரே கட்டியில் இல்லை. முன் பல்லுக்கு ஏற்றதைக் கடைவாயில் மூன்று பல் பாலமாகக் கட்டினால் அது உடையக்கூடும்.

அழகுக்காகச் சிர்கோனியாவின் மேல் வேறு பீங்கானைப் பூசுவதும் உண்டு. அந்த மேல்பூச்சு சில சமயம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். சிர்கோனியா சூட்டை மிக மெதுவாகக் கடத்துவதால், சூளையிலிருந்து எடுத்து வேகமாக ஆறவிடும்போது பூச்சுக்குள் இழுவிசை தங்கிவிடுகிறது. மெதுவாக ஆறவிட்டால் இது குறையும்.

இன்னொன்று. உறை போட்ட பின் கடி சரியில்லை என்றால் மருத்துவர் அங்கே சற்றுத் தேய்ப்பார். தேய்த்த இடம் சொரசொரப்பாகும். அதை மறுபடியும் மெருகு போட்டு வழவழப்பாக்க வேண்டும். மெருகு போட்ட சிர்கோனியா எதிர்ப் பல்லுக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை. சொரசொரப்பாக விட்டால் அது எதிரில் இருக்கும் உங்கள் சொந்தப் பல்லை அரம் போல் தேய்க்கும். 'தேயாது' என்று விளம்பரம் செய்தார்களே, உண்மைதான். உறை தேயாது. எதிரில் இருக்கும் பல்தான் தேயும்.

கல், கத்தி, கார்

கனசதுரக் கல்லை உருக்கி வளர்க்கும் முறையை 1970-களில் மாஸ்கோவின் லெபெதேவ் இயற்பியல் நிலையத்தார் சீராக்கி உலகுக்குக் கொடுத்தார்கள். ஆகவே 'அமெரிக்கன்' வைரத்தின் பிறப்பிடம் ரஷ்யா என்றே சொல்லலாம். வைரத்தின் கடினம் பத்து என்றால் இதற்கு எட்டு, எட்டரை. ஒரே அளவுள்ள வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம். வைரம் சூட்டைச் சட்டென்று கடத்தும், இது கடத்தாது. நகைக்கடைக்காரர் கையில் வைத்திருக்கும் சிறிய சோதனைக் கருவி இந்த வேறுபாட்டைத்தான் பார்க்கிறது. இந்தக் கல்லைத் தண்ணீர் கெடுக்காது. ஆனால் தரையில் விழுந்தால் ஓரம் பெயரலாம். விரிசலைத் தடுக்கும் மாற்றம் இதற்குள் நடக்காது. அடகுக்கோ கல்யாணச் சீருக்கோ கொண்டுபோகும்முன் எது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வெள்ளைக் கத்தியில் காய்கறி, பழம், மீன் சதை நறுக்கலாம். ஆட்டெலும்பை வெட்டாதீர்கள், நண்டு ஓட்டை உடைக்காதீர்கள், மூடியை நெம்பாதீர்கள். எஃகுக் கத்தி வளைந்து கொடுக்கும் இடத்தில் இது ஒடிந்துவிடும். ஒடிந்த துண்டும் வெள்ளை, தேங்காய்த் துருவலும் வெள்ளை. சாப்பாட்டில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது.

காரில் உள்ள ஆக்சிஜன் சென்சர் வேறொரு குணத்தைப் பயன்படுத்துகிறது. சிர்கோனியத்தின் இடத்தில் இட்ரியம் அமரும்போது, இரண்டு இட்ரியத்துக்கு ஓர் ஆக்சிஜன் இடம் காலியாகிறது. சூடான நிலையில் ஆக்சிஜன் இந்தக் காலி இடங்களில் தாவித் தாவிப் போகும். எக்சோஸ் புகையில் ஆக்சிஜன் குறைந்தால் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைந்த மின்னழுத்தம் எழும். அதைப் பார்த்து எஞ்சின் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். ஜெர்மானிய அறிஞர் நெர்ன்ஸ்ட் 1897-இலேயே இந்தக் குணத்தை வைத்து ஒரு விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். இதற்கும் எல்லை உண்டு. 300 டிகிரியை ஒட்டிச் சூடேறாமல் இது வேலை செய்யாது. சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம்.

விமானத்தையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். விமான எஞ்சினின் டர்பைன் தகடுகளைச் சூட்டிலிருந்து காப்பது இட்ரியா கலந்த சிர்கோனியாப் பூச்சுதான். அதுவும் 1,200 டிகிரியைத் தாண்டி நீண்ட நேரம் போனால், கட்டி நிறுத்திய அடுக்கு கலையத் தொடங்குகிறது. ஆகவேதான் அதைவிட மேலான பூச்சை இன்னும் தேடுகிறார்கள்.

கேட்டு வாங்குங்கள்

அன்பர்களே, இவ்வளவும் சொன்னது உங்களைப் பயமுறுத்துவதற்கு அல்ல. நம் மக்கள் மருத்துவரிடம் கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொடுத்துவிட்டு, வாயில் என்ன வைத்தார்கள் என்று தெரியாமல் வீட்டுக்கு வருகிறார்கள். 'டாக்டர் சொன்னாரு, நல்லதாம்' என்பதோடு முடிந்துவிடுகிறது. கேட்பதில் தவறே இல்லை. நல்ல மருத்துவர் கேட்டால் மகிழ்வார்.

நான்கு கேள்விகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று: 'இது எந்த வகைச் சிர்கோனியா? இந்தப் பல்லுக்கு, என் கடிக்கு இது ஏற்றதா?' இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உண்டென்றால் அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். இரண்டு: 'முழுவதும் சிர்கோனியாவா, மேலே வேறு பீங்கான் பூச்சு உண்டா?' மூன்று: 'தேய்த்துச் சரிசெய்தால் மறுபடியும் மெருகு போடுவீர்களா?' நான்கு: 'எந்த நிறுவனத்தின் கட்டி, தொகுதி எண் என்ன? எழுதித் தர முடியுமா?' 2001-இல் எந்தப் பந்தை யாருக்கு வைத்தார்கள் என்று தேடிப் பிடிக்க உதவியது அந்தத் தொகுதி எண்தான். வீட்டில் பெற்றோருக்கு மூட்டு மாற்றுச் சிகிச்சை நடந்திருந்தால், மருத்துவமனை கொடுத்த அட்டையைப் பிறப்புப் பத்திரம் போல் பத்திரப்படுத்துங்கள்.

இங்கே மாணவர்கள் சிலரும் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை. நம் பெரியவர்கள் ஈய மண்ணை அலசி, கறுப்பு மணலைக் கழிவென்று கொட்டினார்கள். அதற்குள் என்ன இருந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு அந்த நிலை இல்லை. பொருளியல் பொறியியலும் பீங்கான் தொழில்நுட்பமும் நம் பல்கலைக்கழகங்களிலேயே படிக்கலாம். மருத்துவம், சட்டம் என்ற இரண்டு வாசல்களை மட்டும் பார்க்காமல் இந்த வாசலையும் எட்டிப் பாருங்கள். தண்ணீரில் முதுமையடையாத, அதே சமயம் விரிசலையும் தாங்கும் சிர்கோனியாவை மலிவாகச் செய்யும் வழியை உலகம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

எந்தப் பொருளுக்கும் குணம் உண்டு, எல்லையும் உண்டு. குணத்தை மட்டும் சொல்பவர் விற்பவர். எல்லையைக் கேட்டறிவது வாங்குபவரின் கடமை. 1975-இல் அந்த மூன்று அறிஞர்கள் வைத்த கேள்விக்குறியை அடுத்த முறை கிளினிக் வாசலில் நீங்கள் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.